44,100, 48,000: நம் வீட்டுக் கேசட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு எண்களின் வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணக்கும் வரும். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த கணக்குதான், பயப்பட வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

போன மாதம் பழைய கேசட்டுகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். "டீச்சர், எங்க வீட்டிலயும் ஒரு பெட்டி நிறைய இருக்கு, என்ன செய்யட்டும்?" என்று பலர் கேட்டீர்கள். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தர ஊரில் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஏற்றத் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் இரண்டு எண்கள் நிற்கும்: 44100, 48000. ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும். எது சரி, ஏன் இரண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. எனக்கும் இதைத் துபாயில் சவுண்ட் இன்ஜினியராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர்தான் பல நாள் போனில் பொறுமையாகச் சொல்லித்தந்தார். இடைநிலை ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவளுக்கு, அவனிடம் மாணவியாக உட்கார்ந்தது சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் கேசட் ஏன் நமக்கு இவ்வளவு முக்கியம் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்து ஆண்கள் கொழும்பு, ஹாங்காங், பிறகு சவூதி, துபாய் என்று கடல்தாண்டியே பிழைத்தவர்கள். கடிதம்தான் உறவு. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் கடிதம் வாசிக்க ஆள் தேடுவார்கள். பயிற்சிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வந்த நானே எத்தனையோ வீட்டில் கடிதம் வாசித்திருக்கிறேன், பதிலும் எழுதியிருக்கிறேன். புருஷனுக்குச் சொல்ல நினைப்பதை டீச்சரம்மாவிடம் சொல்லி எழுதவைப்பது எவ்வளவு சங்கடம் என்று அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த காம்பாக்ட் கேசட், எண்பதுகளில் வளைகுடா சம்பாத்தியத்தோடு டேப் ரெக்கார்டராக நம் வீடுகளுக்குள் வந்தது. அதன்பின் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வருகிற யாராவது ஒரு காக்கா பெட்டிக்குள் நாலைந்து வீட்டுக் கேசட் இருக்கும். நடுவில் எழுத்து தெரிந்த மூன்றாம் ஆள் இல்லை. நாகூர் இ.எம். ஹனீபா பாடல், நம்மூர் காயல் ஏ.ஆர். ஷேக் முகம்மது பாடல் என்று விலைக்கு வாங்கிய கேசட்டின் மேலேயே பேசி அனுப்பியதும் உண்டு. பாட்டு பாதியில் நின்று வாப்பா குரல் வரும்.

அந்த நாடாக்கள் இப்போது முப்பது, நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. நம்மூர் உப்புக்காற்று வேறு. பேசியவர்களில் பலர் இல்லை. பாட்டு போனால் வேறு எங்காவது கிடைக்கும், வாப்பா பேசியது வேறு எங்கும் கிடைக்காது.

இனி பாடம்.

நம் கடற்கரையில் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒரு மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 24 எண்கள். அந்த எண்களை வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்து வளைவாக இணைத்தால் ஏற்றமும் வற்றும் அப்படியே தெரியும். ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவதும் இதுதான். மைக்கில் வருகிற மின்சாரம் ஏறி இறங்குவதைச் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாக எழுதுகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறதோ அதுதான் சாம்பிள் ரேட்.

எத்தனை முறை அளந்தால் போதும்? மன்னார் வளைகுடாவில் ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டரை மணிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. பன்னிரண்டரை மணிக்கு ஒருமுறை மட்டும் போய் அளந்தால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே உயரம்தான் இருக்கும். "இந்தக் கடல் அசைவதே இல்லை" என்று எழுதிவைத்துவிடுவோம். இங்கே நோட்டில் எண் குறைந்தது மட்டும் பிரச்சினை இல்லை, எழுதியதே பொய்யாகிவிட்டது. ஏறி இறங்கும் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் உண்மை பதிவாகும். அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தில் இருந்த ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்திக் கம்பியைப் பற்றி எழுதும்போது இந்த வழியில் யோசித்தார். சோவியத் நாட்டின் கோடெல்னிகோவ் 1933இல் தனியாகக் கண்டார். 1949இல் கிளாட் ஷானன் தெளிவான தேற்றமாக எழுதினார். தேற்றத்தின் சாரம் இதுதான்: இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், புள்ளிகளுக்கு நடுவே இருப்பதும் கணக்குப்படி முழுதாகத் திரும்பக் கிடைக்கும். இந்தக் கடைசி வரியை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது டெலிபோன். ஒலியை எண்களாக அனுப்பலாம் என்ற யோசனைக்கு 1930களின் கடைசியில் பாரிஸில் வேலைசெய்த ஆங்கிலேயர் அலெக் ரீவ்ஸ் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் 1962இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வினாடிக்கு 8,000 முறை அளந்தார்கள். அப்படியென்றால் 4,000 அதிர்வுக்குக் கீழே இருப்பது மட்டும்தான் போகும். நடைமுறையில் 3,400 வரைதான். பேச்சு புரிய அது போதும். ஆனால் "ஸ", "ஃப" போன்ற சீறும் ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று பெயர் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? காது மந்தமில்லை, 8,000தான் காரணம்.

பாட்டுக்கு அது போதாது. மனிதக் காது நல்ல வயதில் 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பார்கள் (என் வயதில் அதில் பாதி மிஞ்சினாலே பெரிது). ஆக 40,000க்கு மேல் அளக்க வேண்டும். எவ்வளவு மேல்? இங்கேதான் ஆளாளுக்கு ஒரு எண் வைத்தார்கள். ஜப்பானின் டெனான் 1972இல் 47,250 என்று பதிந்தது. அமெரிக்காவின் சவுண்ட்ஸ்ட்ரீம் 50,000 வைத்தது. பி.பி.சி. வானொலி தன் நிலையங்களுக்கு இடையே அனுப்ப 32,000 போதும் என்றது, ஏனென்றால் பண்பலையில் 15,000 அதிர்வுக்கு மேல் அனுப்புவதில்லை. 44,100 என்ற எண் இவர்கள் யாரிடமிருந்தும் வரவில்லை. அது டி.வி.யிலிருந்து வந்தது.

1970களின் கடைசியில் இவ்வளவு எண்களைப் பதிந்துவைக்க வசதியான பொருள் ஒன்றுதான் இருந்தது: வீடியோ டேப். சோனியின் பி.சி.எம்.1600 என்ற கருவி (1978) ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, டி.வி. படம் போல வேஷம் போட்டு, யூமேட்டிக் வீடியோ டேப்பில் எழுதியது. டி.வி. படம் கோடுகளால் ஆனது. ஒரு கோட்டில் மூன்று எண்கள் எழுதலாம். ஜப்பான், அமெரிக்கா முறையில் வினாடிக்கு 60 புலங்கள், ஒரு புலத்தில் பயன்படும் கோடுகள் 245. பெருக்குங்கள்: 245 × 60 × 3 = 44,100. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் இருந்த பால் முறையில் வினாடிக்கு 50 புலங்கள், ஒரு புலத்தில் 294 கோடுகள். 294 × 50 × 3 = அதே 44,100!

இந்தக் கணக்கை அவன் போனில் சொன்னபோது நான் பேப்பர் எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். வகுப்பில் யாராவது ஒரு வித்தியாசமான எண்ணைக் கொண்டுவந்தால் முதலில் என்ன செய்யச் சொல்வேன்? பகாக் காரணிகளாகப் பிரி. 44,100 = 2×2×3×3×5×5×7×7. முதல் நான்கு பகா எண்களின் பெருக்கல் 210. அதன் வர்க்கம் 44,100. இத்தனை சின்னக் காரணிகள் இருப்பதால்தான் 60ஆலும் வகுபடுகிறது, 50ஆலும் வகுபடுகிறது. இரண்டு டி.வி. முறைக்கும் பொதுவாக நிற்க இதைவிட ஒழுங்கான எண் கிடைப்பது கஷ்டம். இசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிலிப்ஸும் சோனியும் 1980இல் சி.டி.க்கான விதிகளை எழுதியபோது இந்த எண்ணையே வைத்தார்கள். 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தது. வீடியோ டேப்பெல்லாம் போய்விட்டது, அதன் கோட்டுக் கணக்கு மட்டும் உலகத்துப் பாட்டுக்குள் தங்கிவிட்டது.

அடுத்து 48,000. சினிமாவும் ஒலிபரப்பும் வேறு கணக்கில் இருந்தன. சினிமா வினாடிக்கு 24 படம். நம் டி.வி. 25. அமெரிக்க டி.வி. ஏறக்குறைய 30. ஒரு படத்துக்கு எத்தனை ஒலி எண்கள் என்பது முழு எண்ணாக வந்தால்தான் வெட்டி ஒட்ட வசதி. 48,000ஐ 24ஆல் வகுத்தால் 2,000. 25ஆல் வகுத்தால் 1,920. 30ஆல் 1,600. மூன்றும் முழு எண். 44,100ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், 1,837½ வரும். அரை எண்ணை எங்கே வெட்டுவது? தவிர, ஒலிபரப்புக்காரர்களின் 32,000க்கும் 48,000க்கும் உள்ள விகிதம் 2:3, எளிமையானது. அமெரிக்காவில் இருக்கும் ஒலிப்பொறியாளர் சங்கம் 1984இல் தொழில்முறைப் பதிவுக்கு 48,000ஐப் பரிந்துரைத்தது.

அதற்குள் சி.டி. சந்தைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆக இரண்டு எண்களும் நிலைத்துவிட்டன. இதில் வியாபார அரசியலும் கலந்தது. 1987இல் டேட் என்ற டிஜிட்டல் டேப் வந்தபோது, சி.டி.யை அப்படியே நகல் எடுத்துவிடுவார்கள் என்று பாட்டுக் கம்பெனிகள் பயந்தன. அதனால் ஆரம்பத்தில் வீட்டு உபயோகத்துக்கு வந்த டேட் இயந்திரங்கள் 48,000இல் பதியும், 44,100இல் பதியாது. இரண்டு எண்ணும் ஒத்துவராமல் இருப்பதையே ஒரு பூட்டாகப் பயன்படுத்தினார்கள்.

பூட்டு என்றால் எவ்வளவு கடினமான பூட்டு? மீப்பெரு பொதுக் காரணி எடுங்கள். 44,100க்கும் 48,000க்கும் அது 300. வகுத்தால் 147, 160. அதாவது சி.டி. 147 முறை அளக்கிற நேரத்தில் மற்றது 160 முறை அளக்கிறது. இதற்குமேல் சுருங்காது. 32,000க்கும் 48,000க்கும் 2:3 என்பதால் இரண்டாவது அளவிலேயே புள்ளிகள் மறுபடி சேர்ந்துவிடும். இங்கே ஒன்றாகக் கிளம்பிய இரண்டும் மறுபடி சேர 147 புள்ளி நடக்க வேண்டும். நடுவில் உள்ள எல்லாப் புதுப் புள்ளிகளும் பழைய புள்ளிகளுக்கு இடையில், ஒவ்வொன்றும் வேறு வேறு தூரத்தில் விழும். அங்கெல்லாம் யாரும் அளக்கவில்லை. ஆனால் எண் வேண்டும்.

காயல் துறைமுகத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார் (அது நம் ஊரா, பழையகாயலா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, அது இருக்கட்டும்). அரேபியக் குதிரையும் முத்தும் கைமாறிய கரையில் ஒரு நாட்டு அளவை இன்னொரு நாட்டு அளவாக மாற்றும் கணக்குப்பிள்ளைகள் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் மரக்காலில் அளந்த அரிசியைப் படியில் அளப்பது சுலபம், அரிசி முன்னால் இருக்கிறது. இங்கே கடல் போய்விட்டது. நோட்டு மட்டும்தான் இருக்கிறது. ஒரு மணிக்கு ஒருமுறை எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு, 55 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியிருந்தால் என்ன எண்கள் வந்திருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆரியபட்டர் கி.பி. 499இல் வானியலுக்காக சைன் அட்டவணை கொடுத்தபோது கால்வட்டத்தை 24ஆகப் பிரித்து, 3¾ பாகைக்கு ஒரு மதிப்பு கொடுத்தார். நடுவில் ஒரு கோணம் வந்தால்? இரண்டு பக்கத்து மதிப்பையும் நேர்கோட்டால் இணைத்து எடுப்பது ஒரு வழி. பிரம்மகுப்தர் கி.பி. 665இல் எழுதிய கண்டகாத்யகத்தில் அதைவிட நல்ல வழி சொன்னார்: பக்கத்து இரண்டு மதிப்போடு, அந்த வித்தியாசம் எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள். நேர்கோட்டுக்குப் பதில் வளைவு கிடைக்கும். கிரகணம் கணித்தவர்களுக்கு அது பெரிய உதவி.

டிஜிட்டல் ஒலிக்கு இதே கேள்வியை 1973இல் ரொனால்ட் ஷேஃபர், லாரன்ஸ் ராபினர் என்ற இருவர் முறையாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். அவர்கள் வழியை நம் எண்களில் சொல்கிறேன். மீச்சிறு பொது மடங்கு எடுங்கள்: 44,100 × 160 = 70,56,000. 48,000 × 147 = அதே 70,56,000. எழுபது லட்சத்து ஐம்பத்தாறாயிரம். முதலில் ஒவ்வொரு பழைய எண்ணுக்கும் அடுத்து 159 பூஜ்யங்களைச் செருகு. பிறகு ஒரு வடிகட்டியால் அந்தப் பூஜ்யங்கள் உண்மையான வளைவின் உயரத்துக்கு எழும்பும்படி செய். பிறகு 147க்கு ஒன்றாகப் பொறுக்கி எடு, மற்றதை விட்டுவிடு. வந்தது 48,000. தூக்கி எறியப்போகும் எண்களை எதற்குக் கணக்கிட வேண்டும் என்று உங்களில் யாராவது கேட்டால், அது நல்ல கேள்வி. கணக்கிடுவதில்லை. தேவையான புள்ளிகளுக்கு மட்டும், முன்னும் பின்னும் பல பழைய எண்களைத் தக்க எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். இரண்டு பக்கத்து எண்ணோடு நிறுத்திவிடும் மலிவான மென்பொருளும் உண்டு. அதில் சீறும் ஒலிகள் கரகரக்கும். இந்தத் துறையின் பெரிய பாடநூல்களில் ஒன்றை 1993இல் எழுதியவர், பாலக்காடு என்ற ஊர்ப்பெயரை முன்னால் சுமக்கும் பி.பி. வைத்தியநாதன். கொல்கத்தாவில் பிறந்து அங்கேயே கல்லூரிப் படிப்பை முடித்தவர். அமெரிக்காவின் கால்டெக்கில் பேராசிரியர்.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த மாற்றம் எல்லார் மேசைக்கும் வந்தது. இன்டெல் வகுத்த ஏ.சி.97 முறைப்படி வந்த கம்ப்யூட்டர்களின் ஒலிப்பகுதி 48,000ஐ அடிப்படையாக வைத்தது. கேட்ட பாட்டெல்லாம் சி.டி.யிலிருந்து வந்த 44,100. ஆக, பாட்டு ஓடும்போதே கம்ப்யூட்டர் அவசர அவசரமாக 147ஐ 160 ஆக்கிக்கொண்டிருந்தது. அவசர வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போதைய கருவிகளில் இந்த மாற்றம் காதுக்குத் தெரியாத அளவுக்கு நன்றாகவே நடக்கிறது.

நல்ல மாற்றம் காதுக்குத் தெரியாது என்றேன். மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினால் நன்றாகவே தெரியும். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் லாத்தா ஒருவர் (ஒன்றுவிட்ட உறவு) தன் உம்மாவின் கேசட்டை வெளியூரில் ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கினார். சவூதியில் இருந்த மகனுக்கு அந்த உம்மா பேசி அனுப்பி, அவன் திரும்பக் கொண்டுவந்த கேசட் அது. உம்மா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து போட்டுக் கேட்டார்கள். வார்த்தை உம்மாவுடையது, குரல் வேறு யாரோ ஒரு குமரிப் பெண்ணுடையது. அவசரமாகப் பேசுகிறது. லாத்தா எழுந்துபோய்விட்டார். "இது உம்மா இல்லை, நிறுத்து" என்றாராம். கடைக்காரர் டேப் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

கேசட் லாத்தா கையில் பத்திரமாக இருந்தது. வாங்கி என் டேப் ரெக்கார்டரில் ஒரு பக்கத்தை ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்தேன், 31 நிமிடம். கடைக்காரர் கொடுத்த கோப்பில் அதே பக்கம் 28 நிமிடம் 29 வினாடி. 1,860 வினாடியை 1,709ஆல் வகுத்தால் 1.088. 48,000ஐ 44,100ஆல் வகுத்தாலும் 1.088. போட்டுக்கொடுத்துவிட்டது எண்! 44,100 முறை அளந்து எழுதிய நோட்டின் அட்டையில் 48,000 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அட்டையை நம்பி வேகமாக வாசிக்கிறது. வேகம் நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது, சுருதி சுமார் முக்கால் கட்டை ஏறுகிறது. அறுபது வயதுக் குரலை முப்பதாக்க முக்கால் கட்டை தாராளம்.

நல்ல செய்தி என்னவென்றால், இதில் எதுவும் தொலையவில்லை. உள்ளே எண்கள் அப்படியே இருக்கின்றன. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த ஒலித்தடத்தின் ரேட்டை 44,100 என்று திருத்தினேன், ஒரு நிமிட வேலை. லாத்தா வந்து கேட்டார். உம்மா மகனிடம் கேட்பது, சாப்பாடு எப்படி, அங்கே மீன் கிடைக்குதா என்றுதான். லாத்தா எதுவும் பேசவில்லை. மூன்று தடவை போடச் சொன்னார்.

அதே மென்பொருளில் "ரேட்" என்று ஒன்றும், "ரீசாம்பிள்" என்று ஒன்றும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது அட்டையை மட்டும் மாற்றும், குரல் மாறும். இரண்டாவதுதான் மேலே சொன்ன 147, 160 கணக்கைப் போட்டு எண்களைப் புதிதாக எழுதும், குரல் மாறாது. இணையத்தில் பழைய பாடல்கள் சில சுருதி ஏறியும் இறங்கியும் கிடப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். இதற்கு டிஜிட்டலுக்கு முந்தைய அண்ணனும் உண்டு. வினாடிக்கு 24 படம் என்று எடுத்த சினிமாவை, பால் முறை டி.வி.யில் 25 ஆக ஓட்டிவிடுவார்கள். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், பாட்டும் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாகப் போகும். இலங்கை வானொலியில் கேட்ட பாட்டு டி.வி.யில் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறதே என்று அந்தக் காலத்தில் நினைத்தவர்கள் தவறாக நினைக்கவில்லை.

அட்டை மாறினால் திருத்தலாம். திருத்த முடியாதது ஒன்று இருக்கிறது. அது கீழே இறக்குவது. 48,000இல் பதிந்ததை 16,000 ஆக்க வேண்டும் என்றால், மூன்றுக்கு ஒன்றாக எடுத்தால் போதும் என்று தோன்றும். அப்படி எடுத்தால் பன்னிரண்டரை மணிக்கு ஒருமுறை கடலைப் பார்த்த கதைதான். 10,000 அதிர்வில் இருந்த ஒலி 6,000 அதிர்வாகப் பொய்வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும், குரலோடு ஒட்டாத ஒரு கிறீச்சொலி. அதைத் தவிர்க்க முதலில் 8,000க்கு மேல் உள்ள எல்லாவற்றையும் வடிகட்டி எறிந்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். முறைப்படி செய்தாலும் எறிந்தது எறிந்ததுதான். "ஸ"வின் கூர்மை போகும். மறுபடி 48,000க்கு ஏற்றினால் எண்கள் மூன்று மடங்காகும், போன ஒலி வராது. எம்.பி.3 கோப்பை வாங்கி "96,000 ஹெச்.டி." ஆக்கித்தருகிறோம் என்று கூடுதல் காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் சேர்த்தால் ஆணம் கூடும், மீன் கூடாது.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறோமே, அதில் இருப்பது ஓபஸ் என்ற முறை. 2012இல் தரமாக்கப்பட்டது. 8,000, 12,000, 16,000, 24,000, 48,000 என்ற ஐந்து ரேட்டில் மட்டும் வேலைசெய்யும். கவனித்தீர்களா, 44,100 பட்டியலிலேயே இல்லை. உங்கள் கோப்பு 44,100 என்றால் ஓபஸுக்குள் போகுமுன் அது மாற்றப்பட்டே ஆக வேண்டும். தவிர, சுருக்குவதற்காகவும் பலவற்றை எறிகிறது. பேசிக்கொள்ள அது போதும். ஆனால் வாப்பாவின் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, பக்கத்தில் போனைப் பிடித்து, குடும்ப குரூப்புக்கு ஒரு வாய்ஸ் அனுப்பிவிட்டு, கேசட்டைக் குப்பையில் போட்டுவிடுவது வேறு விஷயம். போன வாரம்கூட ஒரு வீட்டில் அப்படி நடந்ததைக் கேள்விப்பட்டேன்.

கேட்டவர்களுக்கான பதில் இதுதான். புதிதாகப் பதியும்போது 48,000, 24 பிட் என்று வையுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. குறைந்தபட்சமாகச் சொல்வது அதைத்தான். 96,000 வைத்தால் இன்னும் நல்லது என்று காப்பகங்கள் நினைக்கின்றன, இடம் இருந்தால் வையுங்கள். வேவ் கோப்பாகச் சேமியுங்கள், எம்.பி.3 ஆக வேண்டாம். ஏற்கெனவே 44,100இல் பதிந்துவிட்டீர்களா? அப்படியே விட்டுவிடுங்கள், மாற்ற வேண்டியதில்லை, அதிலும் குரல் முழுதாகத்தான் இருக்கிறது. உறவுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டுமானால் ஒரு நகல் எடுத்து அந்த நகலை இறக்குங்கள், சுருக்குங்கள். மூலக்கோப்பு இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று ஊரில், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம். கடையில் கொடுப்பவர்கள், கேசட்டை ஒருமுறை வீட்டில் ஓடவிட்டு ஒரு பக்கம் எத்தனை நிமிடம் என்று சீட்டில் எழுதிக் கூடவே கொடுங்கள். கோப்பு வந்ததும் நிமிடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் 9 நிமிடம் 11 வினாடியாக இருந்தாலோ, 10 நிமிடம் 53 வினாடியாக இருந்தாலோ உடனே தெரிந்துவிடும், வகுத்துக்கூடப் பார்க்க வேண்டாம். கேசட்டைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள்.

டேப் ரெக்கார்டர் இல்லாதவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரலாம். என்னுடையது இன்னும் ஓடுகிறது, பெல்ட் மட்டும் போன வருஷம் மாற்றினேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள்.